நாலாவது ஊக்கு

இரவு பதினொன்றே கால்.
தம்பெரே நகரத்து ஜூலை வானம்
அணைக்க மறந்த விளக்கு மாதிரி
வெளிறிக்கொண்டே இருந்தது.
ஜன்னல் இடுக்கைத் துண்டால் அடைத்துவிட்டுப் படுத்திருந்தேன்.
அணி மேலாளர் ஜில்வினாஸ் கூப்பிட்டார்:
"வைவா, தூங்கிவிட்டாயா?
நாளை இறுதியில் நீ ஓடுகிறாய். ஆறாவது பாதை."

அரையிறுதிகள் முடிந்தபோது நான் ஒன்பதாவது.
நொடியை நூறாக வெட்டினால் நாலு துண்டு;
இமை மூடக்கூடப் போதாது.
அந்த நாலு துண்டுக்காக
ஷவருக்குக் கீழே உட்கார்ந்து அழுது முடித்து,
அம்மாவிடம் சந்தோஷம்தான் என்று சொல்லி,
பெட்டியையும் கட்டியாயிற்று.

"யார் விலகியது?"
"நாகிரு."
"ஏன்?"
"காயம் என்று எழுதியிருக்கிறார்கள்."
கடைசிச் சொல்லில்
அவர் குரல் ஒரு படி கீழே இறங்கியது.

இரண்டு வாரம் முன்பு
எங்கள் எல்லோருடைய கன்னத்தின் உட்புறத்தையும்
பஞ்சுக் குச்சியால் வழித்து எடுத்தார்கள்.
கையுறை போட்ட பெண் வானிலையைப் பற்றிப் பேசினாள்.
எனக்கும் பயம்தான், சிரிக்காதீர்கள்.
இருபத்தெட்டு வருடம் கூடவே கிடந்த உடம்பு
என்னிடம் சொல்லாமல்
எதையாவது ஒளித்து வைத்திருந்தால்?
என் முடிவு ஒரே வரியில் வந்தது.
அவளுக்கு எத்தனை வரியோ.

அதற்கும் முன்னால், மூன்று வருடம் இருக்கும்,
ஒரு கடிதம் சுற்றி வந்தது.
கையெழுத்து நூற்றுப் பன்னிரண்டு.
நாற்பத்தொன்றாவது என்னுடையது.
நியாயம் என்ற சொல் ஏழு இடத்தில் இருந்தது;
யாருடைய பெயரும் இல்லை.
பெயர் இல்லாததால்
பேனா வழுக்கிக்கொண்டு போனது.

பொய்க் கையெழுத்து இல்லை அது.
கௌனாஸில் மார்ச் பனியை நாங்களே வாரித் தள்ளிவிட்டு
அறுநூறு மீட்டர், மறுபடி அறுநூறு மீட்டர்,
இரும்பு மாத்திரையின் கறுத்த மலம்,
வராமல் போன மாதவிலக்குகள்.
இதற்கெல்லாம் ஒரு கணக்கு இருக்க வேண்டும்
என்றுதான் நம்பினேன்.
இன்று அதே தாளை நீட்டினால்?
மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.
ஒரு நாள் அவகாசம் கேட்பேன்.

அந்த நாகிருதான்,
அரையிறுதிக்கு முன் அழைப்பறையில்,
என் முதுகில் எண் அட்டையின் மூலை தொங்குவதைப் பார்த்தாள்.
எங்கள் இருவருக்கும் பொதுவாகப் பத்துச் சொல் ஆங்கிலம்.
அதில் ஒன்றையும் செலவழிக்காமல்
தன் சட்டையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி
எனக்குக் குத்திவிட்டாள்.
வளைந்த, லேசாகத் துருவேறிய ஊக்கு.
மருந்து ஏதும் கலக்காதது.

கடைசி நேர்கோட்டில்
பிடித்து நிறுத்த ஊக்கில்லாத அவளது எண்
ஒரு மூலை படபடக்க
என்னைக் கடந்து போனது.
அப்போது அவளை வெறுத்தேன்.
அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இறுதி நாள் காலை
விலாசம் கேட்டு அலுவலகத்துக்குப் போனேன்.
ஆறு மணி விமானத்திலேயே ஏற்றிவிட்டார்களாம்.

ஒரு மீட்டர் இருபத்திரண்டு சென்டிமீட்டர்.
கடிதத்தில் சொல்லாக இருந்தது
இங்கே இவ்வளவு அகலம்.
முதல் வளைவு முடியும்வரை
இதற்குள்தான் ஓட வேண்டும்;
அதற்குப் பிறகு
எல்லாரும் உள்பக்கம் சரிந்துவிடுவோம்,
ஆறாவது பாதையில் ஒருத்தியும் இருக்க மாட்டாள்.

துப்பாக்கி.
வளைவு.
பச்சைக் கோடு.
ஏழு பேரும் உள்ளே பாய்ந்தார்கள்.
நான் நாலைந்து எட்டு
அங்கேயே ஓடினேன், தனியாக.

எட்டாவது வந்தேன்.
பயிற்சியாளர் காணொளியை நிறுத்தி,
திரையில் விரலை வைத்துக் கேட்டார்:
"இந்த இடத்தில் என்ன ஆயிற்று?"
காற்று, என்றேன்.
அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.